பறக்கும் நேரமும் பயண நேரமும்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியர்

கணக்குப் புத்தகத்தில் வரும் விமானம் மிகவும் நல்ல பிள்ளை. குறித்த நேரத்தில் புறப்படும், ஒரே வேகத்தில் பறக்கும், நேர்கோட்டில் செல்லும், புள்ளி பிசகாமல் வந்து சேரும். காற்றும் மழையும் அதற்குத் தடையில்லை. “தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும்” என்ற சூத்திரத்தை நாங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே அறிவோம். ஆனால் அந்தச் சூத்திரம் முழு உண்மையையும் சொல்வதில்லை என்பதை இந்த ஆண்டுதான் அறிந்துகொண்டோம். அதை அறிந்த கதையையும், அதனால் கற்ற பாடத்தையும் நம் பள்ளி ஆண்டு மலரின் வாசகர்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஒரு கணக்கும் ஒரு கேள்வியும்

ஒரு நாள் வகுப்பில் சிஸ்டர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார்கள். இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள தூரம் 2,400 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 800 கி.மீ. பயண நேரம் என்ன? “மூன்று மணி நேரம்” என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். எங்கள் தோழி ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை. சிஸ்டர் அவளை எழுப்பிக் கேட்டார்கள். “விடை மூணு மணி நேரம்தான் சிஸ்டர். ஆனா எங்கப்பா துபாயில இருந்து வந்து சேர மறுநாள் சாயந்திரம் ஆயிருச்சே. அப்பத்தா அவரைப் பாக்காமலே போயிருச்சு” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. சிஸ்டர் கரும்பலகையைத் துடைக்கவில்லை. “இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் வரைக்கும் நாம் எல்லோரும் சேர்ந்து இதைச் செய்வோம்” என்றார்கள். அவ்வாறே செய்தோம். நில வரைபடம், உலக உருண்டை, நூல், அளவுகோல், பிதாகரஸ் தேற்றம் ஆகியவையே எங்கள் கருவிகள்.

தூரம் என்பது எது?

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே ஒரே ஒரு தூரம் இருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் தூரங்கள் பல. நம் கூடலூரையே எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் ஊருக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 90 கி.மீ. மட்டுமே. ஆனால் நாம் பறவைகள் அல்லவே! கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று ஒவ்வோர் ஊராகக் கடந்துதான் மதுரை செல்கிறோம். சாலையின் மேல் நூலை வளைத்து வைத்து அளந்தபோது ஏறத்தாழ 130 கி.மீ. வந்தது. பேருந்தில் செல்பவர்கள் மதுரை போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆகும் என்கிறார்கள்.

மேற்கே கொச்சி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 110 கி.மீ. அதற்குச் செல்ல லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளி மலைச்சாலையில் ஏறவேண்டும். மலைச்சாலை பாம்பு போல் வளைந்து செல்வதால் நூலை அதன் மேல் ஒட்டி வைப்பதற்கே நாங்கள் பெரும்பாடு பட்டோம். நேர்கோட்டுத் தூரத்தில் கொச்சிக்கும் மதுரைக்கும் வித்தியாசம் சிறிதுதான். ஆனால் சாலையில் கொச்சிக்குச் செல்லக் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஆகவே தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் சொன்னால் போதாது. எந்த வழியில் என்றும் சொல்லவேண்டும்.

பிதாகரஸ் தந்த உதவி

அடுத்ததாக மதுரைக்கும் சென்னைக்கும் உள்ள ஆகாயத் தூரத்தை நாங்களே கணக்கிட்டுப் பார்த்தோம். மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 9.8 பாகை வடக்கு, 78.1 பாகை கிழக்கில் உள்ளது. சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 13.0 பாகை வடக்கு, 80.2 பாகை கிழக்கில் உள்ளது. ஒரு பாகை அட்சத்துக்கு 111 கி.மீ. நம் பகுதியில் ஒரு பாகை தீர்க்கத்துக்கு ஏறத்தாழ 109 கி.மீ. துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லத் தீர்க்கக்கோடுகள் நெருங்குவதால்தான் இரண்டாவது எண் சற்றுக் குறைகிறது.

வடக்கு நோக்கி 3.2 பாகை, அதாவது 355 கி.மீ. கிழக்கு நோக்கி 2.1 பாகை, அதாவது 229 கி.மீ. இவ்விரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 422 கி.மீ. வருகிறது. இதே இரு நகரங்களுக்கும் இடையே ரயில் பாதை ஏறத்தாழ 490 கி.மீ. 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் அத்தூரத்தைப் பகற்பொழுதிலேயே கடந்து பெரும்புகழ் பெற்றது என்று எங்கள் தாத்தாமார் இன்றும் பெருமையுடன் கூறுவர். அதே முறையில் மதுரைக்கும் கொழும்பு விமான நிலையத்துக்கும் உள்ள தூரத்தைக் கண்டோம். ஏறத்தாழ 350 கி.மீ. தான்! நம் மாநிலத் தலைநகரைவிட அயல்நாட்டின் பெரிய நகரம் மதுரைக்கு அருகில் இருப்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. மதுரையிலிருந்து முதல் பன்னாட்டு விமானமும் 2012ஆம் ஆண்டில் கொழும்புக்குத்தான் சென்றது.

கணக்கில் வராத நிமிடங்கள்

422 கி.மீ. தூரத்தை மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் அரை மணி நேரத்தில் கடந்துவிட வேண்டும். ஆனால் கால அட்டவணையில் மதுரை – சென்னைப் பயணத்துக்கு ஒன்றே கால் மணி நேரம் போல் குறித்திருக்கிறார்கள். மீதி நேரம் எங்கே போயிற்று?

அட்டவணையில் காண்பது ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டுமன்று. நின்ற இடத்தில் சக்கரத்துக்கு அண்டைகொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நேரம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டையை வைத்து நிறுத்தும் நேரம் வரை அதில் அடங்கும். ஓடுபாதை வரை மெதுவாக உருண்டு செல்லவேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை காத்திருக்கவேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் இராது. காற்று வீசும் திசையைப் பார்த்து, அதற்கு எதிர்முகமாக ஏறி எதிர்முகமாக இறங்குவதே வழக்கம் என்பதால், சில சமயம் ஊரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கும். குறுகிய பயணத்தில் இந்த நிமிடங்களே பெரும்பகுதி. நீண்ட பயணத்தில் இவை சிறுபகுதி. நம் வீட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்கு நடக்கும் நேரம் கம்பம் செல்பவருக்குப் பெரிதாகவும், சென்னை செல்பவருக்குச் சிறிதாகவும் தோன்றுவது போலத்தான் இதுவும்.

போகும் காற்றும் வரும் காற்றும்

மதுரையிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,950 கி.மீ. போகும்போதும் வரும்போதும் தூரம் ஒன்றே. நேரம் மட்டும் ஒன்றாக இருப்பதில்லை. காற்றுதான் காரணம். மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானத்துக்கு மணிக்கு 60 கி.மீ. எதிர்காற்று இருந்தால் தரைக்கணக்கில் அதன் வேகம் 770 ஆகக் குறையும். பயணம் 3 மணி 50 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 890 ஆகும். பயணம் 3 மணி 19 நிமிடம். இரண்டுக்கும் அரை மணி நேர வித்தியாசம்!

இங்கே நம் பள்ளத்தாக்குக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. ஆடி மாதத்தில் மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் காற்றில் நாம் குடையை நிமிர்த்திப் பிடிக்க முடியாமல் தவிப்போம். நமக்கு மேலே ஏறத்தாழ 14 கி.மீ. உயரத்தில் அதே நாட்களில் வீசும் காற்றோ கிழக்கிலிருந்து மேற்கே மிக விரைவாகச் செல்கிறது. இதைக் கீழைத் தாரைக்காற்று என்பர். இந்திய வானிலை அறிஞர் கோடேஸ்வரம் 1958ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தார். தரையில் நிற்கும் நாம் ஒரு திசைக் காற்றையும், தலைக்கு மேல் பறக்கும் விமானம் அதற்கு நேர்மாறான காற்றையும் சந்திக்கலாம் என்பது எத்துணை விந்தை!

கடிகாரம் செய்யும் குறும்பு

துபாயில் நள்ளிரவு 12.30க்குக் கிளம்பிய விமானம் இங்கே காலை 6 மணிக்கு இறங்கினால், பயணம் ஐந்தரை மணி நேரம் என்று எண்ணிவிடக்கூடாது. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நம் நாட்டின் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்கு தீர்க்கக்கோட்டைக் கொண்டது. துபாயின் நேரமோ 60 பாகைக்கு உரியது. இடைவெளி 22.5 பாகை, அதாவது ஒன்றரை மணி நேரம். அங்கே 12.30 என்றால் இங்கே அதிகாலை 2 மணி. ஆகவே உண்மையான பயணம் நான்கு மணி நேரமே. அயல்நாட்டில் இருக்கும் அப்பாவோ அண்ணனோ “இத்தனை மணிக்கு ஏறுகிறேன்” என்று சொன்னால், அது எந்த ஊர் மணி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

உருண்டையின் மேல் ஒரு நூல்

மிகத் தொலைவான பயணங்களுக்குத் தட்டையான வரைபடம் நம்மை ஏமாற்றிவிடும். உலக உருண்டையின் மேல் பெங்களூருக்கும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தோம். அது பசிபிக் கடலின் நடுவே செல்லாமல், வடதுருவத்தின் அருகே ஏறி இறங்கியது! உருண்டையில் அதுவே மிகக் குறுகிய வழி. ஏறத்தாழ 14,000 கி.மீ. 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா விமானம் இவ்வாறு வடதுருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூரில் இறங்கியது. அதை ஓட்டியவர்கள் கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் நான்கு விமானிகள், நால்வரும் பெண்கள். 1936இல் சரளா தக்ரால் விமானி உரிமம் பெற்றபோது அவருக்கு வயது 21 தான். இதைப் படித்த அன்று உலக உருண்டையைச் சுற்றிக் கூடிய கூட்டம் மணி அடித்தும் கலையவில்லை.

ஊர் ஒன்று, பெயர் மூன்று இடம்

இப்போது தோழியின் தந்தையாரின் பயணத்துக்கு வருவோம். அவர் அவளுடைய அனுமதியுடனும், அவளுடைய அன்னையாரின் அனுமதியுடனுமே இங்கு இடம்பெறுகிறார்.

அப்பத்தாவுக்கு உடல்நிலை மோசம் என்ற செய்தி கிடைத்ததும் அவர் வேலை செய்யும் இடத்தில் பயணச்சீட்டு எடுத்துத் தருபவரிடம், “உடனே ஊருக்குப் போகவேண்டும், என் ஊர் கூடலூர்” என்றார். அந்த அன்பர் கணினியில் கூடலூர் என்று தேடினார். வந்ததோ நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்! அதற்கு நேர்கோட்டில் மிக அருகில் உள்ள விமான நிலையம் கோழிக்கோடு. ஆகவே கோழிக்கோட்டுக்குச் சீட்டு எடுத்துவிட்டார். வேறு இடத்துக்குச் சீட்டு இல்லை போலும் என்று எண்ணி, பதற்றத்தில் இருந்த தந்தையாரும் கேட்காமல் கிளம்பிவிட்டார். கொச்சி விமானத்தில் அன்றிரவே இடம் இருந்தது என்பது பின்னரே தெரிந்தது. யார் மீதும் குறை சொல்வதற்கில்லை. இருவரும் அவசரத்தில் இருந்தார்கள்.

நம் மாநிலத்தில் கூடலூர் என்ற பெயரில் தேனி மாவட்டத்தில் ஒரு நகராட்சி, நீலகிரியில் ஒரு நகராட்சி, கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி என மூன்று உண்டு. நம் கூடலூருக்கும் நீலகிரிக் கூடலூருக்கும் இடையே நேர்கோட்டிலேயே 200 கி.மீ.க்கு மேல்.

இரண்டு வழிகளையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம்.

துபாய் – கோழிக்கோடு ஏறத்தாழ 2,675 கி.மீ. துபாய் – கொச்சி ஏறத்தாழ 2,780 கி.மீ. ஆகாயத்தில் கோழிக்கோடுதான் அருகில். ஆனால் அந்த வித்தியாசம் விமானத்துக்கு எட்டு நிமிடம் மட்டுமே.

நம் நேரப்படி இரவு 10.30க்கு அவர் அறையிலிருந்து கிளம்பினார். அதிகாலை 2 மணிக்கு விமானம் புறப்பட்டது. காலை 6 மணிக்குக் கோழிக்கோட்டில் இறங்கி, 7 மணிக்கு வெளியே வந்தார். அங்கிருந்து வாடகைக் காரில் ஒன்பது மணி நேரம். மாலை 4 மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினார். அப்பத்தாவின் உயிர் பிரிந்தது பகல் 1.30க்கு.

கொச்சியில் அதே 7 மணிக்கு வெளியே வந்திருந்தால், மலைச்சாலையில் ஐந்து மணி நேரம். பகல் 12 மணிக்கு வந்திருப்பார்.

மொத்தம் பதினேழரை மணி நேரப் பயணத்தில் விமானம் எடுத்துக்கொண்டது நான்கு மணி நேரம்; நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகமான விமானம் கொண்டு வந்த நேரத்தையெல்லாம் தவறான வழி தின்றுவிட்டது. எட்டு நிமிடம் மிச்சம். நான்கு மணி நேரம் நட்டம். இந்த வரியைக் கரும்பலகையில் எழுதியவள் எங்கள் தோழியேதான். எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடன் நாங்களும் எழுந்து நின்றோம்.

நாங்கள் செய்த அட்டை

இந்தக் கணக்கை நோட்டில் எழுதி மூடிவிட எங்களுக்கு மனமில்லை. நம் ஊரில் அயல்நாட்டில் வேலை பார்ப்பவர் இல்லாத தெரு அரிது. ஆகவே சிஸ்டரின் வழிகாட்டுதலில் ஓர் அட்டை தயாரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுத்தோம். அதில் எழுதியவை இவை:

1. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். “கூடலூர், தேனி மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண் 625518” என்று முழுமையாகச் சொல்லுங்கள். 1972இல் வந்த இந்த ஆறு இலக்க முறையில் முதல் மூன்று எண்களே பகுதியைக் காட்டிவிடும். நமக்கு 625, நீலகிரிக்கு 643.

2. நமக்கு ஏற்ற விமான நிலையங்கள் மதுரை, அடுத்துக் கொச்சி. இரண்டிலும் இடம் இல்லை என்றால் திருவனந்தபுரம். சீட்டில் மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். என்றும், கொச்சிக்கு சி.ஓ.கே. என்றும் குறியீடு இருக்கும்.

3. அருகில் ஓடுபாதை இருப்பதால் மட்டும் பயணம் செய்ய முடியாது. வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் தேசிய மாணவர் படைப் பயிற்சிக்காக 650 மீட்டர் ஓடுபாதை உண்டு. 2022 டிசம்பரில் சிறு பயிற்சி விமானம் ஒன்று அங்கே இறங்கியது. பயணிகள் விமானத்துக்கு அது போதாது.

4. மொத்த நேரத்தைக் கூட்டுங்கள்: விமான நிலையம் செல்லும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், பறக்கும் நேரம், வெளியே வரும் நேரம், வீடு வந்து சேரும் நேரம். கூட்டுத்தொகை எந்த வழியில் குறைவோ அதுவே குறுக்கு வழி.

5. அவசரத்தில் இருப்பவருக்குப் பதிலாக, வீட்டில் இருப்பவர் ஒருவர் சீட்டை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

ஐந்தாவது விதியைச் சொன்னவர் தோழியின் அன்னையார்.

முடிவுரை

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் பைகளுடன் ஒரு சிறு விமானத்தில் ஏறிப் பம்பாய் வந்து இறங்கினார். அந்தத் தபால் சேவை பெல்லாரி வழியாகச் சென்னை வரை நீண்டது. அதற்கு முன் பல நாட்கள் காத்திருந்த கடிதங்கள் விரைந்து வரத் தொடங்கின. அன்று முதல் இன்று வரை மனிதன் விமானத்தை விரும்புவது உயரத்துக்காக அன்று. காத்திருப்பவரை விரைவில் பார்ப்பதற்காகவே.

சென்ற மாதம் தோழியின் தந்தையார் அப்பத்தாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஊருக்கு வந்தார். இம்முறை கொச்சி வழி. விடியற்காலையில் இறங்கியவர் மதிய உணவுக்கு முன்பே வந்துவிட்டார். வந்தவர் பள்ளிக்கும் வந்து, நாங்கள் செய்த அட்டையில் இருபது பிரதிகள் வாங்கிக்கொண்டார். “எங்க ரூம்ல இருக்கிற ஆளுகளுக்குக் கொடுக்கணும்மா. எல்லாருக்கும் ஊர்ல வயசான ஆத்தா இருக்கு” என்றார்.

சிஸ்டர் சொன்ன கணக்கு இப்போதுதான் முடிந்தது என்று நினைக்கிறோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் வகுப்பதற்கு முன், எந்த ஊர், எந்த வழி என்று கேட்டுக்கொள்வோமாக.